ஒழுகும் இழுப்பறை

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் பாறையைக் குடைந்து செய்தவை. ஒவ்வொரு ரதமும் ஒரே கல். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை. ஆகவே மழைநீர் நுழைய இடுக்கும் இல்லை. ஆனால் அந்த ரதங்கள் ஓடமாட்டா!

ஓடுகிற வண்டிக்கு இந்த வசதி கிடையாது. தகடும் மரமும் ரப்பரும் கண்ணாடியும் சேர்ந்ததுதான் வண்டி. சேர்ந்த இடமெல்லாம் ஒட்டு; ஒட்டு இருக்கும் இடமெல்லாம் ஒழுக்குக்கு வாய்ப்பு. அந்த ஒட்டே அசையும் ஒட்டாக இருந்துவிட்டால்? அப்படிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே ஆராயப்போகிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பு நடக்கும்போது ‘கேரவன்’ என்னும் பெரிய வண்டிகள் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே கட்டில், குளியலறை, சமையல் மேடை எல்லாம் உண்டு. வெளிநாடுகளில் குடும்பங்கள் இத்தகைய மோட்டார் வீடுகளில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகின்றன. 2021-ஆம் ஆண்டில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோது, முதலில் அறிமுகமான வண்டிகளில் ஒன்று பாரத்பென்ஸ் வண்டி. அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை செங்கல்பட்டுக்கு அருகே ஒரகடத்தில் இருக்கிறது.

மோட்டார் வீட்டுக்கு ஒரு பெருங்குறை உண்டு. நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்குள் கட்டிலும் போட்டு நடக்க வழியும் விடுவது எப்படி? பொறியாளர்கள் மேசை இழுப்பறையைப் பார்த்தார்கள், வழி கிடைத்துவிட்டது. வண்டி நிற்கும்போது சுவரின் ஒரு பகுதி, கட்டிலோடும் சோபாவோடும், ஓர் அறையாகவே வெளியே நீளும். புறப்படும்போது உள்ளே போய்விடும். இதற்கு ‘ஸ்லைடு அவுட்’ என்று பெயர். 1990-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து நியூமார் நிறுவனம் இதை மோட்டார் வீடுகளில் புகுத்தியது. இன்று நம் நாட்டுக் கேரவன்கள் சிலவற்றிலும் இது உண்டு. நாம் இதை ‘இழுப்பறை’ என்றே அழைப்போம். இழுக்கக்கூடிய அறைதானே!

இப்போது ஒரு புதிர். கடற்கரையோரம் பல ஆண்டுகள் நின்ற பழைய கேரவன் ஒன்று செங்கல்பட்டில் ஒரு பட்டறைக்கு வந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் இழுப்பறை கோணலாக நகர்கிறது. மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறது. “இடுக்கு முழுவதும் சிலிக்கோன் பசையைப் பூசிவிடலாமே” என்கிறார் ஒருவர். சரியா? நீங்களே முடிவு சொல்லுங்கள். அதற்கு முன்பு சில செய்திகள் தெரிய வேண்டும்.

அறை எப்படி நகர்கிறது?

அறையின் அடியில் இரண்டு இரும்புக் கைகள். ஒவ்வொரு கையிலும் பற்கள் வெட்டிய நீண்ட சட்டம். அதில் ஒரு பற்சக்கரம் பொருந்தியிருக்கும். 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும் மோட்டார் பற்சக்கரத்தைச் சுழற்றினால் சட்டம் நகரும், அறையும் நகரும். இரண்டு பற்சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கிறது. ஆகவே இரு கைகளும் ஒரே அளவு நகரவேண்டும். இது பொதுவான அமைப்பு. திரவ அழுத்தத்தால் இயங்குவதும், கம்பிவடத்தால் இயங்குவதும் உண்டு.

அறைக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே நான்கு பக்கமும் இடைவெளி விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நகராது. அந்த இடைவெளியை மூடுவது ரப்பர். பட்டறைக்காரர்கள் ‘பீடிங்’ என்பார்கள். இதில் இரண்டு வகை. ஒன்று நாக்குப் போன்றது. அறை நகரும்போது அதன் மேலுள்ள நீரை வழித்துத் தள்ளும். மற்றொன்று குழாய் போன்றது. அறை முழுவதும் வெளியே வந்ததும், அல்லது முழுவதும் உள்ளே போனதும், நசுங்கி இடுக்கை அடைக்கும். ‘நசுங்கி’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். நசுங்காத ரப்பர் நீரைத் தடுக்காது. அளவுக்கு மீறி நசுங்கினால் நாளடைவில் அப்படியே சப்பிப்போய்விடும். ஆகவே அறை நான்கு பக்கமும் ஒரே சீராக அழுத்தினால்தான் ரப்பர் தன் வேலையைச் செய்ய முடியும்.

தீப்பெட்டிச் சோதனை

ஒரு காலித் தீப்பெட்டியை எடுங்கள். உள்பெட்டியைப் பாதி இழுத்து, நடுவில் விரல் வைத்துத் தள்ளுங்கள். சுலபமாக உள்ளே போகும். இப்போது உள்பெட்டியின் நுனி மட்டும் உறைக்குள் இருக்குமாறு இழுத்து, ஒரு மூலையில் மட்டும் தள்ளிப் பாருங்கள். கோணலாகத் திரும்பி மாட்டிக்கொள்ளும்! உறைக்குள் பிடிமானம் குறையக் குறைய, நடுவிலிருந்து விலகித் தள்ளும் விசை பெட்டியை முன்னே நகர்த்துவதற்குப் பதிலாகத் திருப்பிவிடுகிறது. திரும்பிய பெட்டி எதிரெதிர் மூலைகளில் உராய்ந்து சிக்கிக்கொள்கிறது. அகலமான மேசை இழுப்பறைகள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

நம் கேரவனின் அறையோ 3 மீட்டர் அகலம். வெளியே நீள்வது 80 சென்டிமீட்டர்தான். அகலம் அதிகம், ஓட்டம் குறைவு. ஒரு பற்சக்கரம் ஒரே ஒரு பல் தவறினாலும் அந்தப் பக்கம் பின்தங்கிவிடும். பல்லுக்குப் பல் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்தங்கும் அளவும் 12 மில்லிமீட்டர். அந்தப் பக்கத்து ரப்பர் சுவரைத் தொடவே தொடாது.

இப்போது தீப்பெட்டியின் உறையைச் சற்றே முறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். மறுபடியும் சிக்குகிறது அல்லவா? மேடுபள்ளமான மணலில் நிறுத்திய வண்டியின் உடலும் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். அறையில் குற்றம் இருக்காது. நின்ற இடத்தில் இருக்கும்!

நெம்புகோல் தரும் தொல்லை

அறை வெளியே நீண்டதும் அதன் எடையை யார் தாங்குகிறார்கள்? எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். அறையின் எடை 300 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் சுவருக்கு வெளியே 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். சுவரோரத்தில் ஓர் உருளை கைகளைக் கீழிருந்து தாங்குகிறது. கைகளின் உள்முனை மேலே எழும்பாமல் இன்னோர் உருளை, 80 சென்டிமீட்டர் உள்ளே, அழுத்திப் பிடிக்கிறது.

நெம்புகோல் விதிப்படி உள் உருளை தரவேண்டிய அழுத்தம்: 300 × 40 ÷ 80 = 150 கிலோ. அப்படியானால் சுவரோர உருளை தாங்குவது எவ்வளவு? 300 + 150 = 450 கிலோ! அறையின் எடையைவிட ஒன்றரை மடங்கு. முதலில் தேய்வதும் அந்த உருளைதான்.

அது 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன ஆகும்? 80 சென்டிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் சாய்வு. அறையின் உயரம் 2 மீட்டர். அதன் தலை 5 மில்லிமீட்டர் வெளிப்புறம் சாய்ந்துவிடும். இந்தச் சாய்வு மாறாமல் அறையை உள்ளே இழுத்தால், அதன் கீழ்விளிம்பு முதலில் சுவரைத் தொட்டு நின்றுவிடும். மேல்விளிம்பில் 5 மில்லிமீட்டர் வாய் திறந்திருக்கும். மழை விழுவதோ மேலிருந்து! பார்த்தீர்களா, ஒழுகுவது கூரையோரத்தில்; தேய்ந்திருப்பது தரைக்கு அடியில்.

நீரின் தந்திரங்கள்

நீர் மேலிருந்து கீழே மட்டும்தான் போகும் என்று நினைக்கிறோம். அது மூன்று தந்திரங்கள் தெரிந்தது.

முதலாவது, காற்றின் துணை. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரை கடந்தது. மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். விநாடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். காற்றின் அடர்த்தியைப் பாதியாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும்: 0.6 × 21 × 21 = ஏறத்தாழ 265 பாஸ்கல். இந்த அழுத்தம் நீரை 2.7 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ளி நிறுத்தும். ஆகவே இடுக்குக்குப் பின்னால் 2 சென்டிமீட்டர் உயர வரம்பு கட்டியிருந்தாலும், புயல் நாளில் நீர் அதைத் தாண்டி உள்ளே வரும்.

இரண்டாவது, நுண்துளை ஏற்றம். சுத்தமான இரு கண்ணாடித் தகடுகளை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி நீரில் வைத்தால், நீர் தானாகவே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் மேலே ஏறும். தகட்டோடு தகடு நெருங்கியிருப்பதாலேயே நீர் புகாது என்று நம்பக்கூடாது. இடுக்கு குறுகக் குறுக இந்த ஏற்றம் அதிகம்.

மூன்றாவது, ஒட்டிக்கொண்டு போவது. டம்ளரை மெல்லச் சாய்த்து நீர் ஊற்றுங்கள். நீர் கீழே விழாமல் டம்ளரின் வெளிச்சுவரோடு வழியும். அறையின் அடிப்பலகையிலும் இப்படியே நீர் விளிம்பைச் சுற்றி, அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே போய்விடும். நம் வீட்டுச் சன்ஷேடின் அடியில், விளிம்பையொட்டி ஒரு சிறு பள்ளக்கோடு விட்டிருப்பதைக் கவனியுங்கள். ஊர்ந்துவரும் நீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். மாமல்லபுரத்து ரதங்களில் சுவருக்கு வெளியே வளைந்து இறங்கும் கபோதத்தைப் பாருங்கள். கூரை நீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்வது அந்த வடிவம். இழுப்பறையின் விளிம்புக்கும் இப்படி ஒரு கபோதமும் கோடும் தேவை.

எவ்வளவு நீர் வருமென்று பார்ப்போமா? இக்கடற்கரையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் பெய்கிறது. அதுவும் கொட்டித் தீர்க்கும். 3 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அறைக் கூரையின் பரப்பு 2.4 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 240 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 16 குடம்! அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலும் இரண்டரை லிட்டர் நீர் மரப்பலகைக்குள் போய்விடும்.

அங்கேதான் ஆபத்து. மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் ஏறி, அது காயாமல் நின்றால் பூஞ்சைகள் பலகையைத் தின்னத் தொடங்கும். மேலே விரிப்பு இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இருக்கையின் எடையையும் அதில் அமர்ந்திருப்பவர்களின் எடையையும் தாங்கும் பலகை அது. காலடியில் மெத்தென்று அமுங்கும் நாளில்தான் செய்தி தெரியும். அதற்குள் பலகை உளுத்திருக்கும்.

உப்புக் காற்று

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கடற்காற்றின் உப்பு கல்லையே அரிக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின்மேல் பூசிக் காயவைத்து, உள்ளே ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால் இரும்புக்கு என்ன சொல்வது!

கேரவனின் வெளித்தகடு அலுமினியம், திருகாணிகளோ இரும்பு. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் சேர்ந்தால் என்ன உண்டாகும்? மின்கலம்! எலுமிச்சம்பழத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் செருகி நீங்கள் செய்து பார்த்த அதே சங்கதிதான். இங்கே கரைவது அலுமினியம். திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, துளை பெரிதாகி, திருகாணி ஆடும். ஆடும் துளை வழியாக நீர் இறங்கும். நம் நாட்டில் எந்தெந்த ஊரில் உலோகம் எவ்வளவு அரிக்கப்படுகிறது என்பதை ஆராய்ந்து, காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் ஓர் அரிமான வரைபடமே தயாரித்திருக்கிறது.

துப்பறியும் வேலை

இனி நம் வண்டியிடம் போவோம். விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். கொத்தனாரின் ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு நூல்கண்டு, அளவு நாடா, பழைய செய்தித்தாள், ஒரு டார்ச் விளக்கு போதும்.

1. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கும் அளவுகள் எல்லாம் வீண்.

2. சுவரிலுள்ள திறப்பின் மூலைவிட்டங்களை நூலால் அளக்க வேண்டும். இரண்டும் சமமானால் மூலைகள் செங்கோணம். திறப்பு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒவ்வொரு மூலைவிட்டமும் ஏறத்தாழ 3.61 மீட்டர். (பிதாகரஸ் தேற்றப்படி சரிபாருங்கள்!) மேல்பக்கம் 1 சென்டிமீட்டர் ஒதுங்கியிருந்தால் மூலைவிட்டங்கள் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் வேறுபடும். பிழையைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு இது.

3. அறையை மெல்ல நீட்டி, இரு பக்கமும் எவ்வளவு வெளியே வந்தது என்று பல நிலைகளில் அளந்து எழுத வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே வித்தியாசம் இருந்தால் ஒரு சக்கரம் பல் தவறியிருக்கிறது. வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் தண்டோ அதன் ஆணியோ நழுவுகிறது.

4. அறையின் வெளிச்சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும்.

5. ரப்பருக்கும் சுவருக்கும் நடுவே செய்தித்தாள் துண்டுகளைச் சுற்றிலும் வைத்து அறையை மூட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. சும்மா நழுவி வந்தால் அங்கே ரப்பர் நசுங்கவில்லை. இரவில் உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தால் பெரிய இடுக்குகள் தாமே காட்டிக்கொடுக்கும்.

6. கடைசியாக நீர். குழாயால் முதலில் அடிப்பக்கம் மட்டும் நனைக்க வேண்டும், சில நிமிடம் காத்திருந்து பிறகு பக்கங்கள், இறுதியில் மேலே. முதலிலேயே மேலே ஊற்றினால் எல்லாம் நனைந்து, எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்பது. அறிவியல் சோதனைக்கும் பட்டறை வேலைக்கும் இந்த விதி ஒன்றே.

முதலில் எது, கடைசியில் எது?

இப்போது அந்தச் சிலிக்கோன் யோசனைக்குப் பதில் சொல்லலாம். அசையும் இடுக்கில் பசை பூசினால் அறை ஒருமுறை நகர்ந்ததும் கிழிந்துவிடும். கிழியாமல் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம், ரப்பரையே பிய்த்துவிடும். உள்ளே போன நீர் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். ஒழுக்கு நின்றதுபோலத் தோன்றும். பலகையோ உள்ளுக்குள் உளுத்துக்கொண்டே இருக்கும்.

சரியான வரிசை இதுதான். முதலில் தாங்குவது: தேய்ந்த உருளைகளை மாற்றி, உளுத்த பலகையை வெட்டியெடுத்து, உலர்ந்த பலகையைப் பொருத்தி, அதன் வெட்டுமுனைகளுக்கு நீர் ஊறாத பூச்சு கொடுப்பது. அடுத்து நகர்வது: இரு கைகளையும் ஒரே நிலையில் வைத்துப் பற்சக்கரங்களைச் சேர்த்து, உயரத்தையும் சாய்வையும் திருகுகளால் திருத்துவது. கூரை சற்றே வெளிப்புறம் சரிந்திருந்தால் நல்லது. நீர் உள்நோக்கி ஓடாது. அதன் பிறகே அடைப்பது: பழைய ரப்பரை எடுத்து, புதியதை மூலைகளில் இடைவெளியில்லாமல் பொருத்துவது. அசையாத ஒட்டுகளில், திருகாணித் தலைகளில், தகட்டு ஓரங்களில் பசை பூசலாம்; பசைக்கு அதுதான் இடம். இறுதியில் மீண்டும் நீர்ச்சோதனை.

ரப்பரில் கிரீசோ மண்ணெண்ணெயோ தடவக்கூடாது. சைக்கிள் டியூப் துண்டு ஒன்று மண்ணெண்ணெயில் ஓரிரவு கிடந்தால் ஊதிப் பெருத்துவிடும். பீடிங் ரப்பருக்கும் எண்ணெய் ஆகாது. சோப்பு நீரால் கழுவி, சிலிக்கோன் எண்ணெய் தடவினால் போதும். கடலோரத்தில் நின்ற வண்டியின் அடிப்பகுதியை நல்ல நீரால் அடிக்கடி கழுவினால் உப்பும் போகும்.

எச்சரிக்கை: அளப்பதும் கணக்கிடுவதும் உங்கள் வேலை, கழற்றுவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அறை அது. ஜாக்கியை மட்டும் நம்பி அதன் அடியில் யாரும் போகக்கூடாது. உறுதியான முட்டுக்கொடுத்தாக வேண்டும். மின்கல இணைப்பைத் துண்டிக்காமல் பற்சக்கரத்தருகே கை வைக்கக்கூடாது. அறை நகரும்போது அதன் பாதையில் ஒருவரும் நிற்கக்கூடாது.

நீங்களும் கண்டுபிடியுங்கள்

உங்கள் வீட்டுக்குக் கேரவன் வரப்போவதில்லை. ஆனால் மழையில் ஒழுகும் ஜன்னலும், மாட்டிக்கொள்ளும் மேசை இழுப்பறையும், சரியாக மூடாத குளிர்பதனப் பெட்டியும் இல்லாத வீடு ஏது? இவற்றுக்கு விடை தேடிப் பாருங்கள்:

1. குளிர்பதனப் பெட்டியின் கதவில் செய்தித்தாள் துண்டு மேல்பக்கம் மட்டும் நழுவி வருகிறது. குற்றம் ரப்பரிலா, கீலிலா? எப்படி உறுதி செய்வீர்கள்?

2. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது நீரைத் தள்ளி நிறுத்தும் உயரம் எத்தனை மடங்காகும்?

3. நம் கணக்கில் உள் உருளையை 80 சென்டிமீட்டருக்குப் பதிலாக 120 சென்டிமீட்டர் உள்ளே வைத்தால், சுவரோர உருளை தாங்கும் எடை எவ்வளவு?

4. உங்கள் பள்ளிக் கட்டடத்தில் மழைநீர் சொட்டும் இடம் ஒன்றைப் பாருங்கள். சொட்டும் இடத்துக்கும் நுழையும் இடத்துக்கும் எத்தனை அடி தூரம்?